ஒன்பது பேரும் பச்சை

ஐ.டி.யில் என்ன வேலை என்று கேட்டீர்களே, அதற்குச் சரியாகப் பதில் சொல்ல எனக்கு வராது. என் மாமனாருக்கே பதினோரு வருடமாகச் சொல்லிப் பார்க்கிறேன். புரோகிராம் எழுதுகிறவர்கள் ஒன்பது பேர் எனக்குக் கீழே இருக்கிறார்கள். அவர்கள் எழுதுவார்கள். நான் எழுத மாட்டேன். காலையில் ஒன்பதே முக்காலுக்கு, நேற்று என்ன செய்தாய், இன்றைக்கு என்ன செய்யப்போகிறாய் என்று ஒவ்வொருவரையும் கேட்பேன். சாயங்காலம் எனக்கு மேலே இருப்பவர்கள் அதையே என்னிடம் கேட்பார்கள். நடுவில் மீட்டிங். அவ்வளவுதான். "அப்ப மேஸ்திரி மாதிரிங்களா மாப்ள?" என்றார் மாமனார். மேஸ்திரிக்குக் கொத்துக் கரண்டி பிடிக்கவாவது தெரியும் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

உடுமலைக்கு எதற்கு வந்தேன் என்றால், என் டீமில் இருக்கும் ஒரு பெண்ணைப் பார்க்க. இருந்த என்று சொல்ல வேண்டுமோ? திங்கட்கிழமைதான் அவளுக்குக் கடைசி நாள், அதனால் இருக்கும் என்றே வைத்துக்கொள்வோம். சிவரஞ்சனி என்று பெயர், ஆபீசில் ரஞ்சனி. முப்பத்திரண்டு வயது. ஒன்பது பேரில் அவள்தான் கெட்டி. இப்போது அவள் வீட்டிலிருந்துதான் வருகிறேன். நல்ல மனிதர்கள். காபி கொடுத்தார்கள். வந்த காரியமும் முடிந்துவிட்டது. ஒரே ஒரு விஷயம்தான் விளங்கவில்லை. நீங்கள் நாலு பேரோடு பழகியவர் மாதிரித் தெரிகிறீர்கள். இந்த பஸ் உக்கடம் போய்ச் சேர ஒன்றரை மணி நேரம் ஆகும், பொள்ளாச்சியில் வேறு பத்து நிமிடம் நிறுத்துவான். முழுசாகக் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. வாரத்துக்கு ஒரு தடவை ஒவ்வொருவரோடும் அரை மணி நேரம் தனியாக உட்கார வேண்டும். கதவைச் சாத்திக்கொண்டு. வேலையைப் பற்றிப் பேசக் கூடாது, ஆளைப் பற்றிப் பேச வேண்டும். வீட்டில் எப்படி, உடம்பு எப்படி, மனசில் என்ன. மேனேஜருக்கு அதுதான் முதல் வேலை என்று எங்களுக்குப் பயிற்சியே உண்டு. ஒன்பது பேர், ஒன்பது வீடு, ஒன்பது மனசு. எனக்கு ஞாபகமறதி. ஒரு நாள் ஜெரால்டு என்கிற பையனிடம், "அப்பா நல்லா இருக்காராப்பா?" என்று கேட்டேன். அவன் என்னை ஒரு மாதிரி பார்த்தான். "போய் மூணு மாசமாச்சு சார். நீங்க மாலையோட வந்தீங்களே" என்றான்.

உங்களுக்கு அப்படி ஒன்று நடந்தால் என்ன செய்வீர்கள்? நான் அன்றைக்கே குறித்து வைக்க ஆரம்பித்தேன். ஆளுக்கு ஒரு பக்கம். யார் என்ன சொன்னார்கள், எந்தத் தேதி, எந்தக் கிழமை. அடுத்த வாரம் உட்காரும் முன்னால் ஒரு பார்வை பார்த்துக்கொள்வேன். "அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் முடிஞ்சுதா?" "தங்கச்சிக்கு அந்தத் தாராபுரத்து வரன் அமைஞ்சுதா?" அவர்கள் முகத்தைப் பார்க்க வேண்டுமே. 'சார் எதையும் மறக்க மாட்டார்' என்று பேரே வந்துவிட்டது. ஆள்களைப் பற்றி அக்கறை இல்லாதவன் இப்படியெல்லாம் செய்வானா?

பிறகுதான் அதையே ஒரு புரோகிராமாக எழுதலாம் என்று தோன்றியது. கம்பெனிக்காக இல்லை, எனக்காக. ஞாயிற்றுக்கிழமை காலைகளில். பதினோரு வருடமாக ஒரு வரிகூட எழுதாதவன். முதல் நாள் திரையில் ஒரு பெட்டியைக் கொண்டுவர மூன்று மணி நேரம் ஆனது. வந்ததும் மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். "பொட்டிதானே?" என்றாள். பெட்டிதான். ஆனால் அது நான் செய்த பெட்டி. பதினோரு வருடத்தில் என் கையால் நான் செய்த ஒரே பொருள். அவளுக்கு எப்படிப் புரியும்? "ஒன்பது பேருக்கும் பக்கம் போட்டீங்க, எனக்கொரு பக்கம் போட்டீங்களா?" என்று வேறு கேட்டாள். கிண்டல்.

ஐந்து மாதம். நீங்கள் நம்ப மாட்டீர்கள், அந்த ஐந்து மாதமும் திங்கட்கிழமை மீட்டிங்குகளில்கூட எனக்குக் கோபம் வரவில்லை.

நிறம் பிறகு வந்தது. நான் திட்டம் போட்டுச் செய்யவில்லை, அதுவாக வந்தது. குறிப்புகள் சேரச் சேர, யார் வேலையை விட்டுப் போவார், யார் போக மாட்டார் என்று அதிலேயே தெரிந்தது. வேறு இடத்தில் தேடுகிறவன் பேச்சு ஒரு மாதிரி இருக்கும். அதைப் புரோகிராமே கணக்கிட்டு, போகக்கூடியவருக்குச் சிவப்பு, சந்தேகமென்றால் மஞ்சள், போக மாட்டார் என்றால் பச்சை என்று காட்டும்படி செய்தேன். இருக்கிறது கொஞ்சம் பணம். வருடா வருடம் உயர்வு என்று மேலேயிருந்து ஒரு தொகை வரும், அதை நான் பிரிக்க வேண்டும். சிவப்புக்குக் கொடுத்தால் அவன் நிற்பான். பச்சைக்குக் கொடுத்து என்ன ஆகப்போகிறது? அது எப்படியும் நிற்கும். இது கெட்ட புத்தி இல்லை. நீங்கள் என் நாற்காலியில் உட்கார்ந்தாலும் அதைத்தான் செய்வீர்கள்.

எங்கள் கம்பெனியில் வருடத்துக்கு ஒரு போட்டி நடத்துவார்கள். சொந்த நேரத்தில் செய்ததை எல்லோருக்கும் காட்டலாம். எப்போதும் சின்ன வயதுப் பிள்ளைகள்தான் கலந்துகொள்வார்கள். இந்த முறை நானும் பேர் கொடுத்தேன். நாற்பத்தேழு வயதில். ஜெரால்டு கைதட்டினான், "சார் களத்துல இறங்கிட்டார்டோய்" என்று. பேர்களை மறைத்துத்தான் காட்டுவதாக இருந்தேன். நபர் ஒன்று, நபர் இரண்டு என்று பொய்யாக ஒரு மாதிரிக் கோப்புகூடத் தயார் செய்தேன். நான் அவ்வளவு விவரமில்லாதவன் இல்லை.

போட்டிக்கு இரண்டு விதி. எழுதியதைக் கம்பெனியின் பொது அலமாரியில் வைக்க வேண்டும். அலமாரி என்றால் மர அலமாரி இல்லை, எல்லோருடைய புரோகிராமும் சேர்ந்து கிடக்கிற ஒரு இடம். வைத்ததை இன்னொருவர் வரி வரியாகப் படித்துக் குறை சொல்ல வேண்டும். அதற்கு ரிவ்யூ என்று பேர். நான் ரஞ்சனியிடம் அனுப்பினேன். வேறு யாரிடம் வேண்டுமானாலும் அனுப்பியிருக்கலாம், 'சூப்பர் சார்' என்று அரை நிமிடத்தில் முடித்திருப்பார்கள். எனக்கு அது வேண்டாம். அவள் நன்றாக இருக்கிறது என்றால் அது நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். அவள் பொய் சொல்கிறவள் இல்லை.

தப்பு அங்கேதான் நடந்தது. 'இந்தக் கோப்பு என்னுடையது, அலமாரிக்கு எடுத்துப் போகாதே' என்று ஒரு வரி எழுதி வைக்க வேண்டும். ஒரே ஒரு வரி. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பது. நான் அதை எழுதவில்லை. பொய்க் கோப்போடு நிஜக் கோப்பும் போய்விட்டது. ஒன்பது பேரும், ஒன்பது பக்கமும், பேரோடு.

இரண்டு நாள் கழித்து ரிவ்யூ வந்தது. பதினைந்து குறிப்பு. பதினான்கு என் புரோகிராமைப் பற்றி. 'இந்த இடத்தில் இரண்டு முறை எண்ணுகிறீர்கள்', 'இந்தப் பேரைப் பார்த்தால் எதற்கென்று புரியவில்லை', இப்படி. எல்லாமே சரி. பதினைந்தாவது அந்த நிஜக் கோப்பில், அவள் பக்கத்துக்கு நேரே. இரண்டே வார்த்தை. 'இது தேவையா?'

கோப்பை உடனே அழித்தேன். 'நன்றி, நீக்கிவிட்டேன்' என்று பதில் போட்டு, கட்டைவிரல் படம் ஒன்றும் வைத்தேன். அழித்தாகிவிட்டது, ஒருத்திதான் பார்த்திருக்கிறாள், அவளும் வாயாடி இல்லை என்று நினைத்தேன்.

அந்த வாரத்திலிருந்து ஒருவரும் பேசவில்லை. காலை மீட்டிங்கில் பேசுவார்கள், கேட்டதற்குப் பதில் வரும். தனியாக உட்காரும் அரை மணி நேரத்தைச் சொல்கிறேன். ஜெரால்டு அவன் மாமனாரைப் பற்றி நாற்பது நிமிடம் புலம்புகிறவன். "எப்படிப்பா இருக்கே?" "எல்லாம் நல்லா இருக்கு சார்." "வீட்ல?" "நல்லா இருக்காங்க சார்." நாலு நிமிடத்தில் எழுந்துவிட்டான். அடுத்த ஆளும் அதே. ஒன்பது பேரும் அதே. கண் ஆபரேஷன் அம்மா நல்லா இருக்காங்க, தாராபுரம் வரன் நல்லா இருக்கார். நான் அதையும் குறித்துக்கொண்டேன், வேறு என்ன செய்ய? யாரும் ஒரு குறையும் சொல்லாததால் புரோகிராம் ஒவ்வொரு பேராகப் பச்சையாக்கிக்கொண்டு வந்தது. மூன்றாவது வாரம் திரை முழுக்கப் பச்சை. அன்றைக்கு மத்தியானம் ரஞ்சனி ராஜினாமாக் கடிதம் கொடுத்தாள். சொந்தக் காரணம் என்று ஒரு வரி.

வருத்தம்தான். ஆனால் ஆள் போவது எங்கள் தொழிலில் சகஜம். போன வாரம் வந்த ஒரு மெயில்தான் என்னைத் தூக்கிவாரிப் போட்டது. பொறுப்புகளை ஒப்படைக்கிற மெயில், அவள் எழுதியது. பொது அலமாரியின் சாவி திங்கள் சாயங்காலம் ஹைதராபாத் ஆபீசுக்குப் போகிறது, பழைய பிரதிகள் உட்பட எல்லாவற்றையும் அவர்கள் பரிசோதிப்பார்கள் என்று. பழைய பிரதிகள். அந்த வார்த்தையைப் படித்த பிறகுதான் எனக்கு உறைத்தது. எங்கள் அலமாரியில் ஒன்றை அழித்தால் அது மேலேதான் அழியும். நேற்றைய பிரதி, முந்தாநாள் பிரதி, எல்லாம் அடியில் அப்படியே கிடக்கும். யார் வேண்டுமானாலும் புரட்டலாம். அடியோடு துடைக்க வேண்டுமென்றால் சாவி வைத்திருக்கிறவர்தான் துடைக்க முடியும். சாவி ரஞ்சனியிடம்.

ஹைதராபாத்தில் எச்.ஆர். பொல்லாதவர்கள். போன வருடம் ஒரு மேனேஜர், ஒரு பெண்ணின் உடம்பு விஷயத்தை மெயிலில் எழுதினார் என்று ஒரே நாளில் அனுப்பிவிட்டார்கள். என்னை அனுப்பினால் நான் எங்கே போவேன்? எழுதத் தெரியாத மேனேஜரை யார் எடுப்பார்கள்? ஒரு பெட்டி செய்ய மூன்று மணி நேரம் ஆகிறவன். வீட்டுக் கடன் இன்னும் ஒன்பது வருடம் இருக்கிறது.

போன் செய்தேன், எடுக்கவில்லை. இரண்டு நாள் எடுக்கவில்லை. 'சனிக்கிழமை வீட்டுக்கு வரலாமா?' என்று வாட்ஸ்அப்பில் கேட்டேன். வா என்றும் இல்லை, வராதே என்றும் இல்லை, வீடு இருக்கிற இடத்தை மட்டும் அனுப்பினாள். அரைக் கிலோ மைசூர்பாகு வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன். இதற்கெல்லாம் என்ன வாங்கிப் போவது என்று யாருக்குத் தெரியும்?

அவள் வீட்டுக்காரர்தான் கதவைத் திறந்தார். பிரகதீஷ் என்று பேர். கோழித்தீவனக் கம்பெனியில் வேலை. "சபாபதி சாருங்களா? வாங்க, வாங்க. பஸ்லயா வந்தீங்க? வெயில் நேரத்துல எதுக்குங்க சிரமம்?" என்றார். மைசூர்பாகை வாங்கி டி.வி. மேல் வைத்தார். நான் கிளம்பும்வரை அது அங்கேயேதான் இருந்தது.

ரஞ்சனி லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு மேசையில் உட்கார்ந்திருந்தாள். நான் எதற்கு வந்திருக்கிறேன் என்று தெரிந்தே உட்கார்ந்திருந்தாள். நான் மன்னிப்புக் கேட்டேன். நிஜமாகவே கேட்டேன். பிறகு விஷயத்தைச் சொன்னேன்.

"பத்து நிமிஷ வேலை சார். செஞ்சுடலாம்" என்றாள்.

"மத்தவங்க யாரும் பாக்கலைல்ல?" என்று கேட்டேன்.

"ரிவ்யூ வந்தா டீம்ல எல்லாருக்கும் மெயில் போகணும்னு நீங்கதானே ரூல் வச்சீங்க?"

நான் நாற்காலியை மேசைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

ஒரே கட்டளையில் ஒன்பது பக்கமும் போய்விடும். அந்த அளவு எனக்கும் தெரியும். ஆனால் அவள் ஒவ்வொன்றாகத் திறந்து வாசித்தாள். "ஜெரால்டு. சிவப்பு. மாமனாரோடு சண்டை. சண்டை இருக்கும்வரை வீட்டுக்குப் போக மாட்டான், ஆபீசில் கூடுதல் நேரம் கிடைக்கும். இது இருக்கட்டுமா சார், அழிக்கட்டுமா?"

"அழிச்சிரும்மா."

"அடுத்தது. விஷாலி. மஞ்சள். கல்யாணம் தள்ளிப்போகிறது. தள்ளிப்போகும்வரை நமக்கு நல்லது. இருக்கட்டுமா சார்?"

"அழிச்சிரு."

இப்படி எட்டுப் பேர். எட்டுத் தடவை கேட்டாள், எட்டுத் தடவை சொன்னேன். அவள் குரல் உயரவே இல்லை, காலை மீட்டிங்கில் வாசிக்கிற மாதிரியே வாசித்தாள். பிரகதீஷ் காபி டம்ளரை என் முன்னால் வைத்துவிட்டு அங்கேயே நின்றார். நாம் எழுதியதை இன்னொருவர் வாயால் கேட்டால் கொஞ்சம் வேறு மாதிரிதான் கேட்கிறது. அதை நான் ஒத்துக்கொள்கிறேன். குறிப்பு என்றால் சுருக்கமாகத்தானே எழுத முடியும்?

ஒன்பதாவது அவள் பக்கம். அதை வாசிக்கவில்லை. லேப்டாப்பை என் பக்கம் திருப்பினாள். நான் மனசுக்குள் படித்தேன்.

இதை உங்களிடம் சொல்வதில் தப்பில்லை, நீங்கள் வழியில் பார்த்தவர். யாருக்கும் தெரிய வேண்டாம் என்று அவள் அன்றைக்கு என்னிடம் சொன்னாள், நானும் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. அந்தப் பக்கத்தில் இருந்தது இதுதான். மேலே, 'ரஞ்சனி. பச்சை.' அதற்குக் கீழே, 'நவம்பர் 18, செவ்வாய். கரு கலைந்தது. பத்தாவது வாரம். வீட்டில் பட்டாணி என்று கூப்பிட்டார்களாம், முதல் ஸ்கேனில் அந்த அளவுதான் தெரிந்ததாம். அதைச் சொல்லும்போது சிரித்தாள். பிறகு வெகுநேரம் அழுதாள். மூன்று நாள் லீவு கேட்டாள், ஐந்து கொடுத்தேன்.' அதற்கும் கீழே, 'இனி இரண்டு வருடம் வைத்தியம். கம்பெனி இன்சூரன்ஸ் தேவை. எங்கும் போக மாட்டாள். இந்த வருட உயர்வு ஜெரால்டுக்கு.'

ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, "உனக்குப் பச்சைதானேம்மா போட்டிருக்கேன்" என்றேன்.

அவள் என்னையே பார்த்தாள். "ஆமாங்க சார்" என்றாள்.

"இதையும் அழிச்சிரு."

"அலமாரியில இருந்து அழிச்சிடறேன். எனக்கு ஒரு பிரதி எடுத்துக்கறேன்."

இங்கேதான் எனக்கு விளங்கவில்லை. நன்றாகக் கேளுங்கள். தீவன பில் அடிக்கிற பிரிண்டர் ஒன்று மூலையில் இருந்தது. அந்தப் பக்கத்தை அதில் அச்சடித்தாள். பிறகு கட்டளையைக் கொடுத்தாள். ஒன்பது பேரும் அலமாரியிலிருந்து போய்விட்டார்கள். பழைய பிரதி, அதற்கும் பழைய பிரதி, எல்லாம் சுத்தம். நானே இரண்டு முறை தேடிப் பார்த்தேன். ஹைதராபாத்காரர்கள் எவ்வளவு தோண்டினாலும் இனி ஒன்றும் கிடைக்காது.

அப்புறம் அவள் கத்தரிக்கோல் எடுத்தாள். அச்சடித்த தாளில் மேல் வரியை வெட்டினாள். பேரும் பச்சையும் இருந்த வரி. கீழே அந்த இன்சூரன்ஸ், ஜெரால்டு, அதையெல்லாம் வெட்டினாள். நடுவில் இருந்ததை மட்டும் கையில் வைத்துக்கொண்டாள். தேதியும் பட்டாணியும் இருக்கிற துண்டு. அதை என்ன செய்வாள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். பிரகதீஷ் பீரோவைத் திறந்து, ரேஷன் கார்டு வைக்கிற பிளாஸ்டிக் கவரை எடுத்து நீட்டினார். அவள் அதற்குள் செருகினாள். அவர் மூடி உள்ளே வைத்தார்.

நான் கேட்டேன், "எதுக்கும்மா அது?" என்று. பிரகதீஷ்தான் சொன்னார், என்னைப் பார்க்காமல். "ஆஸ்பத்திரிச் சீட்டு, ஸ்கேன் எல்லாத்தையும் நான்தாங்க கிழிச்சுப் போட்டேன். பாத்துப் பாத்து அழுவான்னு." அவ்வளவுதான். நான் எதைக் கேட்டால் இவர் எதைச் சொல்கிறார்? பிறகு அவர் என் காபி டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

வழக்குப் போடத்தான் வைத்திருக்கிறாள் என்று முதலில் பயந்தேன். பஸ்ஸில் உட்கார்ந்த பிறகு நிதானமாக யோசித்தேன். வழக்குக்கு வேண்டியது அந்த நடுத்துண்டு இல்லை. உயர்வைப் பற்றி எழுதினேனே, கீழ்த்துண்டு, அதுதான் எனக்கு ஆபத்து. அதை அவள் சட்டையே செய்யவில்லை, தரையில் விழுந்து கிடந்தது. கிளம்பும்போது செருப்பு மாட்டக் குனிகிற மாதிரி குனிந்து நான்தான் எடுத்துக்கொண்டேன். இதோ, பையில்தான் இருக்கிறது.

நான் கெட்டிக்காரன் என்று சொல்லவில்லை. ஆனால் அவள் கெட்டி. ஒன்பது பேரில் அவள்தான் கெட்டி. அப்படிப்பட்டவள், உபயோகப்படுகிற வரியைக் கீழே போட்டுவிட்டு, ஒன்றுக்கும் உதவாத வரிகளை ரேஷன் கார்டோடு வைத்துப் பூட்டுகிறாள் என்றால், அதில் என்னவோ இருக்கிறது. அது என்ன என்றுதான் தெரியவில்லை. உங்களுக்கு ஏதாவது தோன்றுகிறதா?